வெளிநாட்டு வேலைக்குக் குறுகிய காலப் பயிற்சி: எந்தத் தொழில் யாருக்குப் பொருந்தும்?

கையில் மூன்று முதல் ஒன்பது மாத அவகாசம், கொஞ்சம் சேமிப்பு, ஒரு பாஸ்போர்ட். இதை வைத்து ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வெளிநாடு போக நினைப்பவர் முன்னால் ஏகப்பட்ட பயிற்சிகள் இருக்கின்றன: பைப் வெல்டிங், என்.டி.டி. (வெல்டை உடைக்காமல் சோதிப்பது), ரிக்கிங் (சுமையைக் கட்டித் தூக்குவது), ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், முதியோர் பராமரிப்பு, கப்பல் வேலைக்கான அடிப்படைப் பயிற்சி. விளம்பரங்கள் நாள் கணக்கையும் சம்பளக் கணக்கையும் சொல்லும். முடிவெடுக்க அவை போதாது. முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியில் என்னைச் சோதிக்கப் போவது யார்?

பயிற்சி மையம் தன் பெயரில் அச்சடித்துத் தரும் சான்றிதழ் தனியாக எங்கும் பெரிதாக எடுபடாது. அதற்கு அப்பால் ஒரு சோதனை இருக்கும். வெல்டிங் போன்ற வேலைகளில் கம்பெனியே ட்ரேட் டெஸ்ட் வைத்துக் கையைப் பார்த்து எடுக்கும். ஜப்பான், தென் கொரியா, சவூதி போன்ற நாடுகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன, அல்லது நடத்த ஏற்பாடு செய்கின்றன. கப்பல் வேலைக்கு உலகப் பொதுவான விதிப்படி சான்றிதழ் வேண்டும். நான்காவதாக ஒரு வகை உண்டு. குறுகிய காலப் பயிற்சியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத நாடுகள். 2024 ஜூனில் ஜெர்மனி தொடங்கிய வாய்ப்பு அட்டை, படித்த நாட்டில் அரசு ஏற்ற குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்கல்வியையோ பட்டத்தையோ கேட்கிறது. மூன்று மாத வெல்டிங் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த வழியில் போக முடியாது. இரண்டாண்டுத் தொழிற்கல்வி முடித்தவர் அதோடு ஜெர்மன் மொழியும் கற்றால் கதை வேறு. உங்கள் நிலைமை எந்த வகையில் விழுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி விளம்பரங்களை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

பணம் கட்டுவதற்கு முன் உடல் பரிசோதனை

பயிற்சி முடித்து, நேர்காணலிலும் தேறி, மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ ஆகி நிற்பவர்கள் நிறையப் பேர். இதை முன்கூட்டியே தவிர்க்கலாம் என்பதால்தான் தொழில்களை ஒப்பிடுவதற்கு முன்பே சொல்கிறோம். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவை கட்டாயம். முன்பு காசநோய் வந்து முழுக்கக் குணமாகியிருந்தாலும் நுரையீரலில் தழும்பு தெரிந்தால் அங்கேயே தடை விழலாம். ஆகவே பயிற்சியில் சேரும் முன்பே உங்கள் செலவில் ஓர் எக்ஸ்ரேயும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் செய்து பார்த்துவிடுங்கள்.

கண்ணையும் சோதியுங்கள். நிறக் குருடு இருப்பவர் எலக்ட்ரீஷியன் வேலையிலும் கப்பலின் மேல்தளக் காவல் வேலையிலும் தேறுவது கடினம். என்.டி.டி. வேலைக்கு, அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கும் திறனுக்கான சோதனை ஆண்டுதோறும் உண்டு, நிற வேறுபாட்டுச் சோதனையும் உண்டு. இஷிஹாரா புள்ளிப் படச் சோதனை ஐந்து நிமிட வேலை. எந்தக் கண் மருத்துவரும் செய்வார்.

பைப் வெல்டிங்: கைதான் சான்றிதழ்

முன் அனுபவம் இல்லாதவர், பெரிய படிப்பு இல்லாதவர், மொழி கற்க விருப்பம் இல்லாதவர் ஆகியோருக்கு எங்கள் முதல் பரிந்துரை இது. காரணம் எளிது. எண்ணெய், எரிவாயு, மின் நிலையம், கப்பல் கட்டும் தளம் என்று எங்கே போனாலும் சோதனை ஏறக்குறைய ஒன்றே. பேச்சுத் திறமைக்கு அங்கே வேலை இல்லை. ஒரு டெஸ்ட் பீஸைக் கொடுப்பார்கள், நீங்கள் ஒட்டிக் காட்ட வேண்டும்.

6ஜி என்பது பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி, பைப்பைத் திருப்பாமல் வெல்டரே சுற்றி வந்து ஒட்டும் நிலை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதித்தொகுப்பில் ஒன்பதாம் பிரிவின்படி 6ஜியில் தேறியவர் மற்ற நிலைகளுக்கும் தகுதி பெறுகிறார். இதனால்தான் எல்லா விளம்பரத்திலும் இந்தப் பெயர். ஆனால் எந்த அளவு பைப்பில் தேறினீர்கள் என்பதும் முக்கியம், இதைப் பலர் கேட்டே தெரிந்துகொள்வதில்லை. வெளிவிட்டம் 73 மில்லிமீட்டருக்குக் குறைவான, 25க்குக் குறையாத பைப்பில் தேறினால் 25 மில்லிமீட்டரிலிருந்து மேலே எல்லா அளவும் அடங்கும். ஆறு அங்குலப் பைப்பில் மட்டும் தேறினால் 73க்குக் கீழே போக முடியாது. அதேபோல், ஒட்டிய உலோகத்தின் தடிமனில் இரண்டு மடங்கு வரைதான் தகுதி. 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, குறைந்தது மூன்று அடுக்காக ஒட்டியிருந்தால் மேல் வரம்பு இல்லை. இரண்டு அங்குல டபுள் எக்ஸ்ட்ரா ஹெவி பைப்பின் வெளிவிட்டம் 60.3, சுவர்த் தடிமன் 11.07 மில்லிமீட்டர். ஆகவே இந்த ஒரு பீஸில் தேறினால் சின்னப் பைப்பிலிருந்து, சுமார் 22 மில்லிமீட்டர் தடிமன் வரை கையில் வந்துவிடும். மையத்தில் எந்த பீஸில் பழக்குகிறார்கள் என்று கேட்டாலே அவர்களுக்கு விஷயம் தெரியுமா என்பது புரிந்துவிடும்.

வேலை நடக்கும் விதம் இது. பைப்பின் இரு முனைகளையும் 37.5 டிகிரிக்குச் சாய்வாகச் சீவி, நுனியில் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் மட்டம் விட்டு, நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவு இடைவெளி வைத்து டேக் (தற்காலிகப் புள்ளி ஒட்டு) போட வேண்டும். முதல் ரன், அதாவது ரூட், பெரும்பாலும் ஆர்கான் வெல்டிங்கில், அதாவது ஆர்கான் வாயு சூழ டங்ஸ்டன் ஊசியால் உருக்கி ஒட்டும் முறையில். அதன் மேல் இ7018 ராடில் (பூச்சுள்ள வெல்டிங் குச்சி) இடைவெளியை நிரப்பும் ஃபில்லிங், கடைசியில் மேல் மூடும் கேப்பிங். தோற்பவர்களில் பலர் ரூட்டில்தான் தோற்கிறார்கள். பைப்பின் அடிப்பகுதியில், கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில், உருகிய உலோகம் தன் எடையால் கீழே இறங்கும். பைப்பின் உள்பக்கம் குழி விழும். உச்சியில், பன்னிரண்டு மணி இடத்தில், அதே எடை உலோகத்தை உள்ளே தள்ளிப் புடைக்க வைக்கும். ஆகவே கீழே கம்பியைத் தள்ளிக் கொடுக்கவும், மேலே வேகத்தைக் கூட்டவும் கை தானாகவே பழக வேண்டும். நிறுத்திய இடத்தைக் கிரைண்டரால் சீவிச் சரிவாக்காமல் மறுபடி தொடங்கினால் அங்கே உலோகம் முழுதாக இணையாது. டங்ஸ்டன் ஊசி உருகிய குட்டையில் பட்டால் அதன் நுனி உடைந்து உள்ளே தங்கிவிடும். எக்ஸ்ரே படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். 7018 ராடைப் பெட்டியிலிருந்து எடுத்து ஈரக் காற்றில் போட்டு வைத்துப் பயன்படுத்தினால் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், வெல்டில் துளையும் பிறகு விரிசலும் வரும். 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் சுட்டு, சூடான பெட்டியில் வைத்து எடுப்பது வழக்கம். ராட் சுடும் அடுப்பே இல்லாத பயிற்சி மையத்தில் மூன்று மாதம் இருந்தாலும் இந்த ஒழுங்கு வராது.

நாள் கணக்கைவிடப் பீஸ் கணக்கைக் கேளுங்கள். புதியவர் ஓர் இரண்டு அங்குல ஜாயின்டைச் சீவி, பொருத்தி, ஒட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பூத்தை மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் ஆறு மணி நேர நாளில் ஒருவருக்கு ஒரு ஜாயின்ட்தான். ராடே பிடிக்காதவரை நான்கு வாரத்தில் 6ஜிக்குத் தயார் செய்வதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். தகட்டில் தட்டை நிலையில் தொடங்கி, தலைக்கு மேல் ஒட்டும் 4ஜி வரை வந்த பிறகே பைப்பைத் தொட வேண்டும்; இதற்கெல்லாம் சேர்த்து மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம். உங்கள் பீஸை வெட்டி வளைத்துப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். வளைத்த பரப்பில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்தால் தோல்வி. இதை வெளிநாட்டு டெஸ்டில் முதன்முறையாகத் தெரிந்துகொள்வதைவிடப் பயிற்சியிலேயே பத்து முறை பார்ப்பது மேல்.

வெல்டிங்கின் பலவீனம், சான்றிதழின் ஆயுள். ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி அந்த வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் தகுதி காலாவதி. ஐரோப்பாவில் பெரிதும் புழங்கும் ஐ.எஸ்.ஓ. 9606-1 சான்றிதழையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் ஒருவர் உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். பயிற்சி முடித்துவிட்டு விசாவுக்காக எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் காகிதமும் போகும், கையும் மரத்துப் போகும். நேர்காணல் தேதிக்குச் சில வாரம் முன்னால் பயிற்சி முடியுமாறு பார்த்துக்கொள்வதும், இடைவெளி விழுந்தால் உள்ளூர்ப் பட்டறையில் சம்பளம் குறைவென்றாலும் தினமும் ராட் பிடிப்பதும் அவசியம்.

என்.டி.டி.: பலர் ஏமாறும் இடம்

வெல்டை உடைக்காமல் சோதிக்கும் வேலை இது. பொறியியல், டிப்ளமோ படித்தவர்களைக் குறிவைத்துப் பதினைந்து நாளில் ஐந்தாறு சோதனை முறைகளில் ‘லெவல் டூ’ (இரண்டாம் நிலைத் தகுதி) என்று விற்கிறார்கள். இங்கே விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்பது ஊழியருக்கு அவருடைய நிறுவனமே சான்றளிக்கும் முறை. பயிற்சி, அனுபவம், தேர்வு மூன்றும் சேர்ந்தால்தான் சான்று. வேலை மாறினால் புது நிறுவனம் மறுபடி சான்றளிக்க வேண்டும். அல்ட்ராசோனிக் முறையில் லெவல் ஒன்றுக்கு 40 மணி நேரம், லெவல் இரண்டுக்கு மேலும் 40 மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் நூற்றுக்கணக்கான மணி நேர நடைமுறை அனுபவம். பயிற்சி மையத்தால் வகுப்பைத் தர முடியும், அனுபவத்தைத் தர முடியாது. அனுபவம் இல்லாத லெவல் டூ காகிதத்தை நேர்காணல் செய்பவர் ஒரே கேள்வியில் கண்டுபிடிப்பார்: கடைசியாக எந்த பிளாக்கில் (அளவு தெரிந்த உலோகக் கட்டை) கருவியை அளவு திருத்தினீர்கள், எந்த கோணப் புரோப் (ஒலி அனுப்பும் முனை)?

ஐ.எஸ்.ஓ. 9712 வழியிலான சான்று, அதற்குள் வரும் பிரிட்டிஷ் பி.சி.என். உட்பட, வெளி அமைப்பு தேர்வு வைத்துத் தருவது. செலவும் கடினமும் அதிகம், ஆனால் கம்பெனி மாறினாலும் கூடவே வரும். என்.டி.டி.தான் என்று முடிவெடுத்தவர் ஐந்து முறைகளை மேலோட்டமாகத் தொடுவதை விட்டு, ஒரே முறையை ஆழமாகக் கற்று, ஓர் ஆய்வு நிறுவனத்தில் உதவியாளராக ஓராண்டு இருந்துவிட்டுப் போவது நல்லது. உடனே போக வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது.

ரிக்கிங், சாரம், ஃபோர்க்லிஃப்ட்

சில நாள் வகுப்புதான். தனித் தொழிலாக எடுப்பதைவிட, ஏற்கெனவே கட்டுமானத் தளத்தில் இருந்தவருக்கு ஒரு படி ஏறும் வழியாக இது நன்றாக வேலை செய்யும். எழுத்துத் தேர்வில் அடிக்கடி வரும் ஒரு கணக்கைச் சொன்னால் வேலையின் தன்மை புரியும். பத்து டன் சுமையை இரண்டு கால் ஸ்லிங்கில் (இரண்டாகப் பிரியும் தூக்கு கயிறு) தூக்குகிறோம். ஸ்லிங் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் ஐந்து டன். தரைமட்டத்தோடு 60 டிகிரி கோணமானால் சுமார் 5.8 டன். 45 டிகிரியில் 7 டன்னுக்கு மேல். 30 டிகிரிக்குச் சரிந்தால் ஒவ்வொரு காலிலும் முழுப் பத்து டன். சுமை மாறவே இல்லை, கோணம் மட்டும்தான் மாறியது. இதைத் தளத்தில் நின்று கண்ணாலேயே கணிக்கத் தெரியாதவர் கையில் ரிக்கர் அட்டை இருப்பது அவருக்கும் கீழே நிற்பவருக்கும் ஆபத்து.

இந்த அட்டைகளை மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்கள் தருகின்றன. ஒரு தளத்தில் ஏற்கும் அட்டையை அடுத்த தளம் ஏற்காமல் போகலாம், பெரும்பாலும் அங்கே போனதும் மறுபடி சோதிப்பார்கள். கிரேன், கனரக வாகனம் என்றால் போகும் நாட்டின் ஓட்டுநர் உரிமமும் தனியாக எடுக்க வேண்டும். அதனால் இங்கே அட்டைக்குப் பெரிய தொகை கட்டுவதில் பொருளில்லை.

ஏ.சி. மெக்கானிக்கா, எலக்ட்ரீஷியனா?

இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொழில் என்பதால் குழப்பம் வரும். வளைகுடாவை மட்டும் நினைப்பவருக்கு இரண்டுமே சரி. வளர்ந்த நாட்டுக் குடியேற்றத்தை நினைப்பவருக்கு எலக்ட்ரீஷியன் வழி நீளமானது. ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரீஷியன் உரிமம் பெற வேண்டிய தொழில்; வெளிநாட்டில் கற்றவர் திறன் மதிப்பீட்டில் தேறி, அங்கே போனபின் உள்ளூர் விதிகளுக்கான இடைவெளிப் பயிற்சியும் முடித்த பிறகுதான் முழு உரிமம். அதற்குப் பல ஆண்டுப் பணி ஆதாரம் வேண்டும். ஆறு மாத வகுப்பு அதன் முதல் படிகூட ஆகாது.

சவூதி 2021இல் தொடங்கிய திறன் சரிபார்ப்புத் திட்டத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் போன்ற தொழில்களுக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. வருடக்கணக்காக வேலை செய்தவரும் கருவியின் பெயர் தெரியாமல் எழுத்துத் தேர்வில் தவறுவது நடக்கிறது. விசாவில் உள்ள தொழிலும் தேர்வு எழுதும் தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

ஏ.சி. பயிற்சியின் தரத்தை அறிய ஒரு சோதனை போதும்: வேக்குவம் எப்படி எடுக்கிறார்கள், அதாவது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எப்படி உறிஞ்சி எடுக்கிறார்கள்? புதிதாகப் பொருத்திய பைப்பில் உலர்ந்த நைட்ரஜனை ஏற்றிக் கசிவு பார்த்து, பிறகு வேக்குவம் பம்பால் உள் அழுத்தத்தை 500 மைக்ரான் வரை இறக்கி, பம்பை நிறுத்தி, அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வேகமாக ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். இதற்கு மைக்ரான் கேஜ் வேண்டும். சாதாரண மேனிஃபோல்டு கேஜில் இது தெரியாது. வாயுவைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவதையே கற்றுத்தரும் இடத்தில் சேராதீர்கள். ஆர்-32 வாயு லேசாகத் தீப்பற்றும் வகை என்பதால் அந்தப் பழக்கம் ஆபத்தும்கூட.

முதியோர் பராமரிப்பு: மொழிதான் பயிற்சி

வெல்டிங்குக்கு நேர் எதிர்முனை இது. தொழில் பகுதியைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மொழிக்கு மாதங்கள் ஆகும். அந்த மொழியை விட்டுவிட்டு ‘கேர்கிவர் டிப்ளமோ’ மட்டும் வாங்கினால் எங்கும் நகர முடியாது.

ஜப்பானின் குறித்த திறன் தொழிலாளர் விசா 2019 ஏப்ரலில் தொடங்கியது. முதல் நிலையில் மொத்தம் ஐந்தாண்டு இருக்கலாம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பராமரிப்பு வேலைக்கு மூன்று தேர்வுகள். ஒன்று, பொது ஜப்பானிய மொழி: ஜே.எல்.பி.டி. தேர்வின் என்4 (அடிப்படை) நிலை அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற தேர்வு. இரண்டு, பராமரிப்புத் திறன் தேர்வு: 60 நிமிடத்தில் 45 கேள்வி. மூன்று, பராமரிப்பு ஜப்பானிய மொழித் தேர்வு: 30 நிமிடத்தில் 15 கேள்வி. ஜே.எல்.பி.டி. ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு அதிகபட்சம் இருமுறைதான். ஒருமுறை தவறினால் ஆறு மாதம் போகும். கணினியில் நடக்கும் ஜே.எஃப்.டி. பேசிக் அதைவிட அடிக்கடி நடக்கிறது, 250க்கு 200 எடுத்தால் தேர்ச்சி. அவசரத்தில் இருப்பவருக்கு இரண்டாவதே ஏற்றது. என்4 அளவுக்கு ஏறக்குறைய 300 மணி நேரப் படிப்பு தேவை. நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் வகுப்பு மட்டுமே நூறு நாள். ‘45 நாளில் ஜப்பான்’ என்பதன் உண்மை நிலை இதுதான்.

திறன் தேர்வு மனப்பாடத்தால் தேறும் தேர்வு இல்லை. உடலை எப்படிக் கையாள்வது என்பதே அதன் உயிர். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்குச் சட்டை மாட்டும்போது செயலிழந்த கையில் முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் செயலிழந்த தோளை இழுத்து வலிக்க வைப்போம், மூட்டே நழுவலாம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில் சாய்வாக வைத்து, பிரேக் போட்டு, கால் தாங்கியை மடக்கிய பிறகே எழுப்ப வேண்டும். சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாக இறக்க வேண்டும். சாப்பிடும்போது தலை பின்னால் சாயக் கூடாது, தாடை கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆள் வைத்துப் பழகாமல் புத்தகத்தில் மட்டும் இதை நடத்தும் மையம் உதவாது.

ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற செவிலியராக வேலை செய்ய மூன்றாண்டுச் செவிலியர் கல்வியும் பொதுவாக பி2 (சரளமாகப் பேசும் இடைநிலை) அளவு ஜெர்மனும் வேண்டும். பி2 வரை எட்ட 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவை என்பது கோதே நிறுவனத்தின் கணிப்பு. அதாவது பலருக்கு ஓராண்டு அளவில் ஆகும். செவிலியர் படித்தவர்களுக்கு இந்த ஓராண்டு மிக நல்ல முதலீடு. படிக்காதவர்கள் அங்கேயே மூன்றாண்டுச் செவிலியர் பயிற்சியில் சேரும் வழியைப் பார்க்கலாம். அதில் உதவித்தொகை கிடைக்கும்.

பிரிட்டன் ஒரு பாடம். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா கதவைத் திறந்தது. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்து வருவதைத் தடுத்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டது. அந்த நாட்டை மட்டும் நம்பிப் பயிற்சி எடுத்தவர்கள் கையில் காகிதத்தோடு நிற்கிறார்கள். பராமரிப்பு வேலை ஒவ்வொரு நாட்டின் குடியேற்ற அரசியலோடும் கட்டுண்டது. ஜப்பானிய மொழி ஜப்பானுக்கு மட்டுமே உதவும் என்பதால், மொழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒரே நாட்டின் மீது பந்தயம் கட்டுகிறார். அது தெரிந்தே இறங்க வேண்டும்.

தென் கொரியாவின் வேலை அனுமதித் திட்டமும் மொழியை வைத்தே நடக்கிறது. 2004 முதல் இருக்கும் இந்தத் திட்டம் அரசுக்கு அரசு ஒப்பந்தம் உள்ள நாட்டவருக்கு மட்டும். இலங்கையர் போகலாம், இந்தியர் போக முடியாது. நடுவில் தனியார் ஏஜென்டுக்கு இடமே இல்லாததால் செலவு குறைவு. ஒப்பந்த நாட்டைச் சேர்ந்தவர், கையுழைப்புக்கு அஞ்சாதவர் என்றால் இதை முதலில் பார்க்க வேண்டும்.

கப்பல் அடிப்படைப் பயிற்சி

கப்பல் பணியாளர் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு ஆகிய நான்கும், பாதுகாப்புக் காவல் பயிற்சியும் சேர்ந்தது இது. இரண்டு வார அளவில் முடியும். ஆனால் இது கப்பலில் ஏறுவதற்கான நுழைவுத் தகுதி மட்டுமே. இதை வைத்து யாரும் வேலை தருவதில்லை. ஹோட்டல் வேலை தெரிந்து பயணக் கப்பலில் சேரப் போகிறவர், வேலை உறுதியான பின் இதை எடுத்தால் போதும். உயிர்காப்பு, தீயணைப்புத் திறன்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 கப்பல் பணியாளரிடம் வேலை வாங்கித் தரக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது. ‘கப்பலில் இடம் வாங்கித் தருகிறேன்’ என்று தொகை கேட்பவரைப் பற்றி வேறு விசாரணை தேவையில்லை.

யாருக்கு எது?

கைவேலையில் பொறுமையும் அருகில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கும் கண்ணும் உள்ளவர், நான்கைந்து மாதத்தில் போக வேண்டியவர், நாடு மாறிக்கொண்டே இருப்பதற்குத் தயங்காதவர் வெல்டிங் எடுக்கலாம். அதில் ஆர்கான் கை நன்றாக வந்ததும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கற்றுக்கொண்டால் மதிப்பு கூடும். அங்கே பைப்பின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பி ஒட்ட வேண்டும், நிரப்பாவிட்டால் ரூட் கருகிச் சொரசொரத்துவிடும். ஒரே நாட்டில் சில ஆண்டுகள் நிலையாக இருந்து மேலே போக நினைப்பவர், எட்டு ஒன்பது மாதம் படிக்கப் பொறுமை உள்ளவர் ஜப்பான் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். குடும்பத்தைப் பிரிந்திருக்க முடியாது என்பவருக்கு ஜப்பானின் முதல் நிலை விசாவும் வளைகுடாவின் குறைந்த சம்பள வேலைகளும் பொருந்தா. அவருக்கு இரண்டாண்டு, மூன்றாண்டுத் தொழிற்கல்வியே நேர்வழி. மின்வேலை அல்லது ஏ.சி. வேலை ஏற்கெனவே தெரிந்தவர் புதுத் தொழிலுக்குத் தாவ வேண்டாம். தெரிந்த தொழிலின் தேர்வுக்குத் தயாராவது மாதக் கணக்கில் மிச்சம்.

பணமும் காகிதமும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை, வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது நெறியாக வைத்திருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு, எல்லா நாடும் ஏற்கவும் இல்லை. நடைமுறையில் பயிற்சிக் கட்டணத்தையும் வேலைக் கட்டணத்தையும் ஒன்றாகக் கலந்து ‘பேக்கேஜ்’ என்று கேட்பார்கள். இரண்டையும் பிரித்து, பயிற்சிக்கு மட்டும் தனி ரசீது வாங்குங்கள். வேலை கிடைக்காவிட்டால் எது திரும்பி வரும் என்பது எழுத்தில் இருக்கட்டும். வெல்டர் என்று சொல்லி ஹெல்பர் விசாவில் அனுப்புவதும், சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருவதாகச் சொல்வதும் இன்றும் நடக்கின்றன. விசாவிலும் ஒப்பந்தத்திலும் தொழிலின் பெயர் ஒன்றாக இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் தனியாக எவ்வளவு என்று பாருங்கள். வளைகுடா நாடுகள் பலவற்றில் பணி முடிவுத் தொகை அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. படிகளைக் கூட்டி மொத்தத்தைப் பெரிதாகக் காட்டுவது அங்கேதான் இடிக்கும்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கூட்டு, முன்னெழுத்து உட்பட, எல்லாச் சான்றிதழ்களிலும் அப்படியே இருக்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே இதைச் சரிபாருங்கள். பிறகு திருத்துவதற்கு வாரக்கணக்கில் ஆகும். சான்றொப்ப முறையும் நாட்டுக்கு நாடு வேறு: சவூதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டில் முத்திரையை (உடன்படிக்கை நாடுகள் தூதரகம் இல்லாமலே ஏற்கும் சான்றொப்பம்) ஏற்கிறது, ஐக்கிய அரபு அமீரகத்துக்குத் தூதரகம் வழியாகவே போக வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு நோட்டில் தேதி, எந்த பைப், எந்த நிலை, எந்த ராட், வளைப்புச் சோதனை முடிவு என்று எழுதிப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். நேர்காணலில் சான்றிதழோடு அந்த நோட்டையும் மேசையில் வையுங்கள்.